கோழி சூப் செய்த வேலை

பட்டர்வொர்த்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சரசு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் பதிவுக்கே இன்னும் பதில் போடவில்லை. திட்டுவாய், தெரியும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லாரும் நலம். அவர் வழக்கம்போல டிவி முன்னால். மருமகளுக்கு ஆண் குழந்தை, 3.1 கிலோ, மூக்கு அப்படியே நம் பெரியண்ணன்.

போன மாதம் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். அப்புறம் கையில் நீல நீலமாகத் திட்டுகள்; எங்கும் இடித்துக்கொண்ட நினைவில்லை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறதென்று, ரத்தம் கட்டாமலிருக்க இரண்டு வருடமாக வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன் அல்லவா? ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் எப்போதும் 2-க்கும் 3-க்கும் நடுவில் சமர்த்தாக இருக்கும். அன்றைக்குக் கிளினிக்கில் பார்த்தால் 4.8! மருந்துப் பிரிவுப் பெண், "ஆன்ட்டி, மலாய் ஜாமு, சீன மருந்து, நாட்டு மருந்து ஏதாவது?" என்று கேட்டாள். "ஒன்றுமே இல்லையே" என்றேன். சத்தியமாகப் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவேயில்லை, சரசு. அவள் விடவில்லை. தினமும் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்றாள். கோழி சூப் என்றேன். என்ன சூப் என்றாள்.

பக்கத்து வீட்டுச் சீனத்தம்மா பிரசவித்தவளுக்கென்று தாங் குவாய் என்ற சீன வேர் போட்டு, சிவப்புப் பேரீச்சை போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுவருவாள். அந்த வாசனையே மருமகளுக்கு ஆகவில்லை. கோழியை வீணாக்கலாமா? மூன்று வாரமாக நான்தான் குடித்தேன். தாங் குவாய் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் ஏறிவிடுமாம். எனக்கு அது சூப்; மருந்து என்று யார் கண்டார்கள்?

எங்கள் ஹாலை நீ பார்த்திருக்க வேண்டும். சீனத்தம்மா முப்பது நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே என்கிறாள். வயிற்றைச் சுற்றி பெங்குங் துணி கட்ட வந்த மலாய் மருத்துவச்சி மாக் பிடான், இலை போட்ட வெந்நீரில் தினமும் குளி, நாற்பத்து நாலு நாள் பந்தாங் பத்தியம் என்கிறாள். நான் பூண்டுக் குழம்போடும் சுறாப் புட்டோடும் நிற்கிறேன். மருமகள் மூன்று பேருக்கும் தலையாட்டிவிட்டு ராத்திரி பீட்சா வரவழைக்கிறாள்! ஆனால் சூடான துங்கு கல்லை ஒத்தடம் வைத்தால் மட்டும் அப்படியே தூங்கிப்போவாள். கெப்பாளா பத்தாஸ் அரசாங்க மருத்துவமனையிலேயே 2007-லிருந்து பாரம்பரிய வைத்தியப் பிரிவு இருக்கிறது. அதனால் இதையெல்லாம் மூடத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கோடாலித் தைலம் இல்லாமல் பஸ் ஏறாதவளை நீதானே தைலப்பெட்டி என்று கூப்பிட்டாய்.

என்னை உறுத்துவது வேறு. சீனத்தம்மா என் சுக்குக் காப்பியைக் குடிக்கிறாள், அவள் மகள் மாக் பிடானிடம் ஊருட் மசாஜ் செய்துகொள்கிறாள், மாக் பிடான் தன் இடுப்பு வலிக்குச் சீன வைத்தியர் சின்சேயிடம் போகிறாள். கிளினிக்கில் கேட்டால் மூன்று பேரும் ஒரே பதில்: "ஒன்றும் சாப்பிடுவதில்லை, டாக்டர்." திட்டு விழும் என்று பாதிப் பயம். மீதி, சமையலறையில் இருப்பதை மருந்துக் கணக்கில் சேர்க்கத் தோன்றாததுதான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கினாயே, இரண்டே நாளில் வலி பறந்தது என்றாயே. இரண்டே நாளில் பறந்ததுதான் எனக்குப் பயம். அந்த மாதிரி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டவை இங்கே எத்தனையோ. உனக்குச் சர்க்கரை வேறு. அதை இன்னும் ஏற்றிவிடும். டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கி 'டி'-யில் (T) முடியும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா பார். இல்லையென்றாலும் பயந்துபோய் நீயாகத் திடீரென்று நிறுத்திவிடாதே. ஸ்டீராய்டாக இருந்தால் அதுவும் ஆபத்து. டப்பாவோடு நாளைக்கே கிளினிக் போ.

இன்றைக்கே படம் எடுத்து எனக்கும் அனுப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு எடு. போன தடவை உன் கட்டைவிரல்தான் வந்தது.

உன்
தைலப்பெட்டி