வயசை விடுங்க, பொசிஷனைப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல 30 தாண்டின பிளேயர்ஸை எல்லாம் அனுப்பிட்டு அகாடமி (கிளப்போட சொந்தப் பயிற்சிப் பள்ளி) பசங்களை இறக்குனாத்தான் கால்பந்து கிளப் உருப்படும்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அடுத்த பக்கத்துலயே அனுபவம் இல்லாம கப் வராதுன்னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் வயசை மட்டும் வெச்சே சண்டை போடுறாங்க. ஒரு சீனியர் டீமுக்கு பலமா பாரமாங்கறது அவர் வயசுல இல்லைங்க, அவர் எந்த பொசிஷன்ல ஆடுறார், அதே பொசிஷனுக்கு அகாடமியில இருந்து யாராவது வந்துக்கிட்டு இருக்காங்களாங்கறதுலதான் இருக்கு. பையனோட இடத்தையே அடைச்சுக்கிட்டு நின்னா அவன் வளர மாட்டான், அதே ஆளு பக்கத்து இடத்துல நின்னா அவன் ரெண்டு மடங்கு வேகமா வளருவான்.

முதல் கட்டுரையில 1995 மான்செஸ்டர் யுனைடெட்டைத்தான் பெருசா சொல்லியிருந்தார். பாதிக் கதைதான் அது. கோச் ஃபெர்குசன் அந்த சம்மர்ல அனுப்புனது மூணு பெரிய பேரு, பால் இன்ஸ், மார்க் ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ். அந்த மூணு பேர் ஆடுன இடத்துக்கு யார் ரெடியா இருந்தாங்கன்னு பாருங்க: நடு மிட்ஃபீல்டுல நிக்கி பட், முன்னாடி ஸ்கோல்ஸ் (அப்ப அவர் ஃபார்வர்டாத்தான் ஆடிக்கிட்டு இருந்தார்), ரைட் சைடுல பெக்காம். ஆனா பின்னாடி, டிஃபென்ஸ் பக்கம் கையே வைக்கல. கோல் கீப்பர் ஷ்மைக்கேல், டிஃபென்ஸ் நடுவுல பாலிஸ்டர், அப்புறம் 34 வயசு கேப்டன் ஸ்டீவ் புரூஸ், எல்லாரும் அப்படியே இருந்தாங்க. முதல் மேட்ச்ல ஆஸ்டன் வில்லாகிட்ட 3-1னு தோத்தப்போ சின்னப் பசங்களை வெச்சு ஒண்ணும் ஜெயிக்க முடியாதுன்னு டிவியில விமர்சகர் ஆலன் ஹான்சன் சொன்னார், அந்த சீசன் முடியறப்போ லீக், எஃப்ஏ கப் (இங்கிலாந்தோட நாக்-அவுட் கோப்பை) ரெண்டும் அவங்க கையில. அதனால அதைப் "பசங்க ஜெயிச்ச கதை"ன்னு மட்டும் சொல்றது அந்த சீனியர்களுக்கு செய்யற அநியாயம்.

இதையே தப்பா செஞ்சா என்ன ஆகும்னு ஆர்சனல்ல பார்த்தோம். 30 தாண்டினா ஒரு வருஷ காண்ட்ராக்ட்தான்னு அவங்க கோச் வெங்கர் பிடிவாதமா இருந்தார், 2006ல பிரெஸ் போனார், சோல் கேம்ப்பெல் போனார், அடுத்த வருஷம் ஆன்றி, 2008ல கில்பர்ட்டோ. அதே சம்மர்ல ஃப்ளாமினியும் ஃப்ரீயா மிலானுக்குக் கிளம்பிட்டார், கடைசியில 21 வயசு ஃபாப்ரிகாஸ் கையில கேப்டன் பட்டை. என்ன திறமைங்க அந்தப் பையனுக்கு! ஆனா பக்கத்துல நின்னு மேட்ச்சை ஆற வைக்க ஒரு பெரிய ஆள் இல்ல. புது ஸ்டேடியம் கட்டுன செலவும் ஒரு காரணம்தான், நான் இல்லைன்னு சொல்லல, இருந்தாலும் 2005 எஃப்ஏ கப்புக்கு அப்புறம் 2014 வரைக்கும் ஒரு கோப்பையும் வரலை.

சீனியர் பக்கத்து இடத்துல நின்னா எப்படி இருக்கும்னு தெரிய, 2024 யூரோ (ஐரோப்பிய நாடுகள் கோப்பை) செமி ஃபைனல், ஸ்பெயின்-பிரான்ஸ் மேட்ச்சை திரும்பப் போட்டுப் பாருங்க. கார்வஹால் சஸ்பென்ட் ஆனதால ஸ்பெயினுக்கு ரைட் பேக் ஜீசஸ் நவாஸ், வயசு 38. அவருக்கு நேர் முன்னாடி ரைட் விங்ல லமீன் யமால், வயசு 16. எதிர்ல எம்பாப்பே. நவாஸ் பக்கத்துல இருந்து எம்பாப்பே போட்ட க்ராஸ்லதான் பிரான்ஸோட ஒரே கோலும் வந்துச்சு, நவாஸ் சீக்கிரமே ஒரு மஞ்ச கார்டும் வாங்கிட்டார், வேகம் குறைஞ்சிருக்குங்கறதை மறைக்க முடியாது. ஆனா அந்தப் பையன் பயப்படாம உள்ள வெட்டிக்கிட்டு வந்து 21வது நிமிஷத்துல அப்படி ஒரு கோல் அடிச்சான். நவாஸும் ஒரு காலத்துல விங்கர்தான், 2010 உலகக் கோப்பை ஜெயிச்ச டீம்ல இருந்தவர், அன்னைக்கு விங்கை பையனுக்கு விட்டுட்டு பின்னாடி நின்னார். எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி அது.

இப்ப பெரிய ஆபத்து வேற பக்கத்துல இருந்து வருது, அதை ரெண்டு கட்டுரையும் தொடவே இல்ல. அகாடமியில வளர்ந்தவரை வாங்க கிளப் ஃபீஸ் எதுவும் கொடுக்கலங்கறதால கணக்குப் புத்தகத்துல அவர் மதிப்பு பூஜ்யம், வித்தா வர்ற காசு முழுக்க லாபம். பெரிய விலை கொடுத்து வாங்குனவரை வித்தா வாங்குன விலையில கணக்குல இன்னும் கழியாம மிச்சம் இருக்கிற தொகையைக் கழிச்சுட்டுத்தான் லாபம் பார்க்கணும். அதனால கிளப் செலவு மேல இருக்கிற பணக் கட்டுப்பாடு இறுகும்போது முதல்ல வெளிய போறது சொந்தப் பசங்கதான். மெக்டாமினே சின்ன வயசுலேர்ந்து யுனைடெட்ல வளர்ந்தவர், 2024ல இத்தாலி கிளப் நாப்போலிக்கு வித்தாங்க, அடுத்த மே மாசம் நாப்போலி சாம்பியன், சீரீ ஆவோட (இத்தாலி லீக்) சிறந்த பிளேயர் அவர்தான். இத்தனைக்கும் யூயெஃபா (ஐரோப்பிய கால்பந்து சங்கம்) போட்டிகளுக்கு 25 பேர் லிஸ்ட்ல 8 இடம் அந்த நாட்டுல பயிற்சி எடுத்தவங்களுக்கு, அதுல 4 இடம் அந்த கிளப்லயே வளர்ந்தவங்களுக்கு, ஆள் இல்லைன்னா அந்த இடம் காலிதான்.

சீனியர்களை ஒரே அடியா வெச்சுக்கணும்னும் நான் சொல்ல வரல. 33 வயசு ஆளுக்கு பெரிய சம்பளத்துல மூணு வருஷ காண்ட்ராக்ட் கொடுத்துட்டு, அதே இடத்துல ஆடற 18 வயசு பையனை லோன்ல அங்க இங்கன்னு மூணு கிளப் சுத்த விடறது ரெண்டு பேருக்குமே கெடுதல். வருஷா வருஷம் புதுப்பிக்கிற காண்ட்ராக்ட் போடலாம், எத்தனை மேட்ச் ஆடப்போறோம்னு அவர்கிட்ட முதல்லயே ஓப்பனா பேசலாம். பேசாம பெஞ்ச்ல உக்கார வெச்சாத்தான் டிரெஸ்ஸிங் ரூம் கெடும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஸ்குவாட் பத்தி எழுதும்போது சராசரி வயசு போட்டு நிறுத்திடாதீங்க, ஒவ்வொரு பொசிஷனுக்கும் முதல் சாய்ஸ் யாரு, ரெண்டாவது யாரு, அகாடமி பையன் போன சீசன்ல எத்தனை நிமிஷம் ஆடுனான்னு ஒரு பட்டியல் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்