மண்டபச் சாய்தளத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் கணக்கும் விளக்கமும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேலை முடிந்துவிட்டது. கழிப்பறைக் கைப்பிடியும் வெளிப்பக்கம் திறக்கும் அகலக் கதவும் சொன்ன தொகைக்குள் முடிந்தன, அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. கேட்பதெல்லாம் வீல்சேர் ஏறுவதற்காகப் போட்ட வாசல் சாய்தளத்தைப் பற்றித்தான்: ஐந்து படிக்கு 30 அடி சிமென்ட் எதற்கு, 2,40,000 ரூபாய் என்றது 3,08,000 எப்படி ஆனது, கான்ட்ராக்டர் பொருளாளருக்குச் சொந்தமாமே.

சொந்தமில்லை. மூன்று கொட்டேஷனில் அவருடையதுதான் குறைவு. சொந்தக்காரராக இருந்திருந்தால் இத்தனை சண்டை போட்டிருக்க முடியாது.

மண்டபத் தளம் தெருவைவிட இரண்டரை அடி உயரம். ஓரங்குலம் ஏற ஓரடி நீளம் என்பது அளவு, ஆக 30 அடி. ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதினோம். நான் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் (செயலாளர் நான்தான், தப்பும் என்னுடையதுதான்) கான்ட்ராக்டர் 12 அடியிலேயே கான்கிரீட் போட்டு முடித்துவிட்டார். கேட்டால், "பைக் ஜம்முனு ஏறுது சார், வீல்சேர் ஏறாதா?" என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று வீல்சேரில் வரும் இரண்டாம் தெரு ரிட்டயர்டு வாத்தியாரை அழைத்தோம். தானே உருட்டிக்கொண்டு ஏறினார். பாதியில் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. வாட்ச்மேன் பின்னால் பிடித்திருக்காவிட்டால் மல்லாக்க விழுந்திருப்பார். "இதுக்குப் படியே தேவலாம்பா, நாலு பேர் தூக்குவீங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடித்தோம். இப்போது 15 அடி ஏறி, வண்டி திரும்ப ஐந்தடி சமதளம், மறுபடி 15 அடி. இடித்து அள்ளிப் புதிதாகப் போட்டதில் 41,000 கூடியது. பாதியையாவது ஏற்கச் சொல்லி மூன்று வாரம் பேசினோம், ஒருநாள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், மீதியை வேறு மேஸ்திரி முடித்தார். முன்னவருக்கு இன்னும் ஒரு தவணை தரவில்லை. நோட்டீஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். மற்ற 27,000 சாய்தளத்தின் கைப்பிடிக்கு: முன்னவர் வைத்த சதுரக் குழாய் கைக்கு அடங்கவில்லை, உருண்டைக் குழாயை 76, 90 சென்டிமீட்டர் என இரண்டு உயரத்தில் போட வேண்டியதாயிற்று.

தனியார் மண்டபத்துக்கு இதெல்லாம் எதற்கு என்றவர்களுக்கு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் பொதுக் கட்டடம்தான். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இதற்கான விதிகளைக் கட்டாயமாக்கச் சொல்லிவிட்டது. நாம் முந்திக்கொண்டோம், அவ்வளவே.

கொடுத்தவர்கள்: சிமென்ட் மூட்டைகள் மூன்றாம் தெரு மளிகைக்கடைக்காரர், மணல் லாரி மாமா, கைப்பிடியில் பாதி வாத்தியாரின் மகள், ஆட்களுக்கு இட்லிக்கடை அக்கா கொடுத்த பத்து நாள் டீ, நான்காம் தெருப் பெண்கள் சீட்டுப் பணத்திலிருந்து 5,000, பெயர் வேண்டாம் என்ற ஒருவர் 25,000. பளபள டைல்ஸ் கொடுத்த அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது; மழையில் வழுக்கும் என்றுதான் அதைச் சமையல்கட்டுச் சுவரில் ஒட்டினோம், நன்றாகவே இருக்கிறது.

பில் நோட்டு அலுவலகத்தில் இருக்கிறது, ஞாயிறு காலை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டலாம். வருகிறவர்கள் தயவுசெய்து பைக்கைச் சாய்தளத்தின் வாயில் நிறுத்தாதீர்கள். போன வாரம் மட்டும் நான்கு வண்டி.