செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25
(குடியிருப்போர் நலச் சங்கம், கன்னங்குறிச்சி, சேலம்)

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, பொருளாளர் அவர்களே, 64 வீடுகளிலிருந்து திரண்டு வந்திருக்கும் பதினோரு உறுப்பினர்களே, வணக்கம். (சாப்பிடத் தட்டுவடை செட் உண்டு; கூட்டம் முடிந்த பிறகுதான்.)

குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூழ் ஊற்றினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. மூன்றாவது குறுக்குத் தெருச் சாக்கடை அடைப்புக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போக வேன் பேசினோம். அதில் ஏறியது நானும் பொருளாளர் வீட்டுப் பாட்டியும்தான். மற்றவர்கள் 17 கார்களில் பின்னால் வந்தார்கள். ஏரிப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடியே மதியம் ஆகிவிட்டது. மலர்க் கண்காட்சியைப் பார்த்தவர்களைவிட, புதுக் காரில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டவர்களே அதிகம்.

அந்த 17 கார்களில் 12 கார்க்காரர்கள் மாதச் சந்தா 100 ரூபாய் தரவில்லை. யார் பெயரையும் சொல்ல மாட்டேன். சுவர் அகலத்துக்கு டிவி மாட்டியிருக்கும் உறுப்பினர், அதிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மாசக் கடைசிங்க, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். அன்று தேதி நான்கு.

இனி, நிர்வாகிகள் பெயரோடு நாம் எழுப்பிய நுழைவு வளைவு. சாக்கடைக்குச் செலவழித்திருக்கலாமே என்று சிலர் வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். சாக்கடை பூமிக்குள் போவது, வளைவு பார்வைக்கு நிற்பது; இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர் என்பதால் எழுத்துகளுக்கு வெள்ளி முலாம் பூசலாம் என்று நான் சொன்னதைப் பொருளாளர் தடுத்துவிட்டார். எவர்சில்வரோடு நின்றது.

எழுத்து ஒன்றுக்கு 350 ரூபாய் என்றுதான் பேசினோம். 'செயலாளர்' ஐந்தெழுத்து. பட்டறைக்காரரோ கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டுவதால் எட்டு என்று பில் போட்டுவிட்டார். இதைக் கேட்டதும், பெயருக்குப் பின்னால் நான்கு பட்டம் போடச் சொன்னவர் மூன்றை விட்டுக்கொடுத்தார். தலைவர் ஐயா பெயரைவிட என் பெயர் பெரிதாக இருக்கிறது என்பது வீண் பேச்சு. இருவருக்கும் ஒரே உயரம்தான், என் பெயர் கொஞ்சம் நீளம்.

முதல் மழையிலேயே கால் விழுந்து இப்போது 'செயலளர்' என்று நிற்கிறது. "செயலாளருக்குக் கால் வாரிட்டாங்க" என்று டீக்கடையில் சிரித்தது என் காதுக்கும் வந்தது. தண்ணீர் லாரி உள்ளே நுழைய முடியவில்லை என்றும் புகார். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறவர்களுக்கு நம் ஒரு வளைவுதான் இடிக்கிறது!

வரவு செலவு பெரும்பாலும் சரியாக இருக்கிறது, விவரம் பொருளாளரிடம். ஒத்துழைத்த அனைவருக்கும், ஒத்துழைக்காதவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பில் நீடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எல்லோரும் ஒரேயடியாக வற்புறுத்தினால் சங்கடம்தான். வளைவின் பின்பக்கம் முழுக்கக் காலியாக இருக்கிறது. சந்தா பாக்கி இல்லாதவர்கள் பெயர் கொடுக்கலாம். புள்ளி இல்லாத பெயராக இருந்தால் செலவு குறையும்.