வடிவேலு முடிஞ்சிட்டாருன்னு எழுதினியே

காவேரிப்பட்டணம்,
ஆவணி மாசம்.

அன்புள்ள மச்சானுக்கு,

உன் லெட்டர் வந்து சேந்துச்சு. திருப்பூர்ல ஆர்டர் இல்லாம கம்பெனி டல்லடிக்குதுன்னு எழுதியிருந்தே. இங்க மட்டும் என்ன வாழுது? மாங்கா இந்த வருஷம் நல்லா காய்ச்சுது, ஆனா பெங்களூரா ரக மாங்கா வெலை படுத்துருச்சு. மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல வண்டியோட ராத்திரி பூரா காத்துக் கெடந்து, கெடச்சது பறிக்கூலிக்கும் வண்டி வாடகைக்கும் சரியாப் போச்சு. அதுக்கு மேல கேக்காத. அம்மா நல்லாருக்காங்க, உன்னக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க.

இத்தன அவசரமாப் பதில் போடறதுக்குக் காரணம் வேற. "வடிவேலு கதை முடிஞ்சுதுடா, இனி மீம்ஸ்ல பாத்துக்க வேண்டியதுதான்"னு கடைசி வரியில எழுதியிருந்தியே, அதுதான். நீ 'மாரீசன்' படம் பாக்கலைன்னு அந்த ஒரு வரியிலயே தெரிஞ்சுபோச்சு.

2025 ஜூலை 25-ல தியேட்டருக்கு வந்துச்சு. நம்ம ஊர்ப் பக்கம் வந்த சுவடே தெரியாமப் போயிருச்சு. ஆகஸ்ட்லயே நெட்ஃபிளிக்ஸ்ல போட்டுட்டாங்க. நான் வீட்லதான் பாத்தேன், பெரியவன் வாங்கி வெச்ச டிவில, அம்மாவோட உக்காந்து.

கதை இதுதான். ஃபகத் ஃபாசில் ஒரு திருட்டுப் பய. ஒரு வீட்ல கை வைக்கலாம்னு உள்ள பூந்தா, அங்க ஒரு பெரியவரக் கட்டிப் போட்டிருக்கு. அதான் வடிவேலு. ஞாபக மறதி நோயாம். என்னைய அவுத்து விடுப்பா, பணம் தரேங்கறார். ஏடிஎம்முக்குக் கூட்டிட்டுப் போறான். அங்க அவர் கணக்குல எவ்வளவு கெடக்குதுன்னு திருடன் எட்டிப் பாத்துடறான். அப்புறம் விடுவானா? திருவண்ணாமலைக்கு நானே கொண்டுபோய் விடறேன்னு பைக்ல ஏத்திக்கறான். நாகர்கோவில்லருந்து கெளம்புது சவாரி. பாதி படம் வரைக்கும் நீயும் நானும் திருடன் எப்படி ஏமாத்தப் போறான்னுதான் பாத்துட்டு இருப்போம். மிச்சத்தச் சொல்ல மாட்டேன், சொன்னா நீ அடிக்க வருவே.

அம்மாவப் பத்திச் சொல்லணும். வடிவேலு மொகம் திரையில வந்துச்சோ இல்லியோ, அம்மா 'களுக்'னு சிரிச்சிட்டாங்க. அந்த ஆளு ஒரு வார்த்த பேசல. கட்டிப் போட்ட வயசான மனுஷன், பாக்கப் பரிதாபமாக் கெடக்கறான், இதுல சிரிக்க என்ன இருக்கு? ஆனா அம்மாவக் குத்தம் சொல்ல முடியுமா? எனக்கும் வாய் தானாக் கோணிக்கிட்டுதான் போச்சு. 'என் ராசாவின் மனசிலே' வந்தது 1991-ல. அன்னையிலருந்து அந்த மொகத்தப் பாத்தாச் சிரிக்கணும்னு நமக்குப் பழக்கி விட்டுட்டாங்க. கைப்புள்ள, நேசமணி, புலிகேசின்னு ஒவ்வொண்ணும் அந்தப் பழக்கத்த உறுதியாக்கிட்டே வந்துச்சு.

மர்மக் கதைக்கு இதவிட நல்ல ஒளியற எடம் எது மச்சான்? ஒரு புது நடிகன் மறதிக்காரனா வந்தா, "இவன் நெசமாவே மறக்கறானா, நடிக்கறானா"ன்னு மொத சீன்லயே நோட்டம் விட ஆரம்பிச்சிருவோம். வடிவேலு வந்தா? வெள்ளந்தி, அடி வாங்கறவன், ஏமாறப் போறவன்னு நாமளே சர்டிபிகேட் குடுத்துடறோம். டைரக்டர் சுதீஷ் சங்கர் எதையும் மறைக்கவே தேவையில்ல.

முன்னெல்லாம் சஸ்பென்ஸ் படத்துல காமெடியனுக்கு வேற வேல. 1967-ல வந்த 'அதே கண்கள்' நெனச்சுப் பாரு. கொலகாரன் யாருன்னு வீடே நடுங்கும், நடுவுல நாகேஷ் வந்து நம்மள ஆசுவாசப்படுத்திட்டுப் போவார். அதே நாகேஷ் 1989-ல 'அபூர்வ சகோதரர்கள்'ல வில்லனா வந்து நின்னப்ப எப்படி இருந்துச்சு? சிரிக்க வெச்ச மொகம் சிரிக்காம நின்னா அதுக்கு ஒரு தனி பயம் உண்டு.

நம்ம திரௌபதியம்மன் கோயில் கூத்து உனக்கு ஞாபகம் இருக்குமே. பாஞ்சாலி துகில் உரியற கூத்து அன்னிக்கு ராத்திரி, கோமாளி வேஷம் கட்டற கட்டியங்காரன் துரியோதனனையே நக்கலடிச்சுக்கிட்டு நிப்பான், சனம் வயித்தப் புடிச்சுக்கும். துச்சாதனன் சேலையில கை வைக்கறப்ப அவனும் வாய மூடிக்குவான். பாஞ்சாலி கத்தறதவிட, இவன் பேசாம நிக்கறதப் பாத்துதான் பொம்பளைங்க அழுவாங்க. 'மாரீசன்'ல வடிவேலு செய்யறதும் அந்த வேலைதான். குரல ஏத்தல, ஒடம்ப வளைக்கல, "ஆஹா"ன்னு இழுக்கல. பைக் பின்னாடி உக்காந்து, யாருடா நீன்னு கேக்கற மாதிரி ஃபகத்தப் பாக்கறார் பாரு, அந்தப் பார்வைக்கு ஒரு படம் தரலாம்.

'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' 2022-ல எதனால படுத்துச்சுன்னும் இப்பத்தான் புரியுது. பழைய வடிவேலுவ இவரே காப்பி அடிச்சார். ஒடம்பு ஒத்துழைக்கல, எழுத்தும் கை குடுக்கல. அடுத்த வருஷமே 'மாமன்னன்'ல நம்ம சேலத்துப் பக்கத்து எம்.எல்.ஏ-வா வந்து அசத்திட்டார். ஆனா எனக்கு ஒரு குறை உண்டு. 'மாரீசன்' அதுக்கு முன்னாடி வந்திருக்கணும். 'மாமன்னன்' பாத்தவனுக்கு இந்த மனுஷனுக்குள்ள வேற ஒரு ஆள் இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. அவன் இதுல இடைவேளைக்கு முன்னாடியே லேசா மோப்பம் புடிச்சிருவான். எங்க அம்மா 'மாமன்னன்' பாக்கல. அதனாலதான் அவங்க ஏமாந்த ஏமாத்தம் என்னுதவிட ஒசத்தி.

கோவை சரளாவும் இதுல இருக்காங்க, போலீஸ் அதிகாரியா. வடிவேலுவ எத்தன படத்துல போட்டுப் பொரட்டி எடுத்த அம்மா! யூனிஃபார்ம்ல வெறப்பா நின்னாலும், இப்ப மிதிப்பாங்க இப்ப மிதிப்பாங்கன்னுதான் மனசு காத்துக்கெடக்கு. யுவன் பாட்டெல்லாம் காதுல நிக்கல, போகட்டும்.

படத்துல ஓட்டை இல்லாம இல்ல. ரெண்டாவது பாதியில முடிச்சு அவுந்ததுக்கு அப்புறம் ஃபிளாஷ்பேக்கப் போட்டு இழுக்கறாங்க. தொடற விஷயம் கனமானது, சிரிச்சிட்டுப் போற சமாச்சாரம் இல்ல, அத நானும் மதிக்கறேன். அதுக்காக ஒரு தடவ காட்டுனத வாயாலயும் ரெண்டு தடவ சொல்லணுமா? அங்க மொகத்த மட்டும் காட்டியிருந்தாப் போதும். ஃபகத்தும் பாவம், மொதப் பாதியில பட்டயக் கெளப்பிட்டு அப்புறம் ஓரமா நின்னு வேடிக்க பாக்கற மாதிரி ஆயிருச்சு.

இன்னொரு எரிச்சல், இது ஊர்க்காரன் எரிச்சல். திருவண்ணாமலைக்குப் போறதா இருந்தா நம்ம ஊத்தங்கரை, செங்கம் ரோட்ல ஒரு ஷாட்டாவது எடுத்திருக்கலாம். பௌர்ணமிக்குப் பஸ்ல தொங்கிட்டுப் போறோமே, அந்த ரோடு எதுல கொறஞ்சு போச்சு? ஆனா நாகர்கோவில்லருந்து வர்றவன் எதுக்கு இவ்வளவு சுத்திக்கிட்டு வரணும்னு நீ கேப்பே. கேளு.

கம்பெனி லீவு அன்னிக்குப் பாரு. போன்ல, அதுவும் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கி வழிஞ்சுக்கிட்டுப் பாக்காத. தங்கச்சியையும் புள்ளைங்களையும் கூட வெச்சுக்கோ, ஆனா சின்னவ வேணாம், அவ வயசுக்கு ஆகாது. எந்த எடத்துல உனக்கு மொதல்ல சந்தேகம் தட்டுச்சுன்னு மட்டும் எழுது. எனக்குத் தட்டின எடத்த நீ எழுதுனதுக்கு அப்புறம்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் காவேரிப்பட்டணத்தான்