அத்தோ யாருடையது?

ரங்கூன்

அன்புத் தோழிக்கு,

உன் தங்கை மகன் கொடுத்துவிட்டுப் போன கடிதமும் வடகமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சரி, அதை விடு.

உன் பேரனின் சிநேகிதன் இங்கே ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்து, "சென்னையில் தள்ளுவண்டியில் விற்கிற அந்த நூடுல்ஸ் அத்தோவே இல்லை, பர்மாவில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது" என்றானாம். உன் பேரனும் அவனோடு சேர்ந்துகொண்டானாம். நீ பதில் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாய் என்று படித்ததும் எனக்கு மனசே சரியில்லை. உன் வீட்டுக்காரர் முப்பது வருஷம் சென்னை செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ தள்ளுவண்டி போட்டவர். அந்த அத்தோவில்தான் மூன்று பிள்ளைகளும் படித்தார்கள். அவர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்து பேசுகிற பேச்சா இது?

அந்தப் பையன் கண்ணால் பார்த்தது தப்பில்லை. 'அத்தோக்' என்றால் இங்கே கையால் பிசைந்தது, அவ்வளவுதான். கடையில் போய் வெறுமனே அத்தோக் கேட்டால், "எந்த அத்தோக்?" என்று திருப்பிக் கேட்பார்கள். தேயிலையைப் பிசைந்தால் லப்பெ தோக், இஞ்சியைப் பிசைந்தால் ஜின் தோக், நூடுல்ஸைப் பிசைந்தால் கவுஸ்வே தோக். உங்கள் ஊர் ஆரஞ்சு நிற நூடுல்ஸை அவன் இங்கே தேடியிருப்பான், கிடைத்திருக்காது. ஆனால் அதை வைத்து 'பொய்' என்று எப்படிச் சொல்லலாம்?

உனக்கு என் அம்மா பிசைந்தது ஞாபகம் இருக்கும். அகலமான அலுமினியப் பேசின். முதலில் வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து கடலை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து எடுத்துவிடுவாள். அந்த எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள். பிறகு வறுத்த கடலை மாவு, புளித்தண்ணீர், இடித்த மிளகாய், மீன் சாறு. கடைசியில் விரல் நுனியால் மட்டும் புரட்டுவாள், நூடுல்ஸ் ஒன்றுகூட உடையாது. நீயும் நானும் பேசின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்போம்.

1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே வருஷம் 50 சாட், 100 சாட் நோட்டுகளும் செல்லாது என்றார்கள். அப்புறம் நீங்கள் சென்னைக்குக் கப்பலேறினீர்கள். உங்கள் அப்பா எதைக் கொண்டுபோனார்? நகையைக்கூடக் கொண்டுபோக விடவில்லையே. கையில் இருந்த பக்குவம் ஒன்றுதான் கூட வந்தது. அந்த ஊரில் மீன் சாறுக்கு எங்கே போவது? மீன் வாடை பிடிக்காதவனும் வண்டி முன்னால் நிற்பான், அவனுக்கும் விற்க வேண்டும். உப்பையும் புளியையும் கூட்டினார்கள், முட்டைக்கோஸைச் சேர்த்தார்கள். மேலே நொறுக்கிப் போடுகிறீர்களே பேஜோ, அது எங்கிருந்து வந்தது? இங்கே பருப்பு போட்டுப் பொரிக்கிற பெ ஜோதான் அது. உன் பேரன் தினம் தின்கிற சொல்லே பர்மியச் சொல். அவனுக்கு இதைச் சொல்.

இன்னொன்றும் சொல். நம் பக்கத்து ஜனங்கள் கொண்டுவந்த சமோசாவை பர்மாக்காரர்கள் என்ன செய்தார்கள்? கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, கோஸும் வெங்காயமும் புதினாவும் போட்டு, புளித்தண்ணீர் ஊற்றிப் பிசைந்து சமோசா தோக் ஆக்கிவிட்டார்கள். நம் தோசை இங்கே 'தோஷே'. மேலே வேகவைத்த பட்டாணியும் தக்காளியும் தூவி மடித்துக் கொடுப்பான். காளியம்மன் கோயில் தெருவில் (அப்பா கடைசிவரை ஃபிரேசர் தெரு என்றுதான் சொன்னார், இப்போது அனவ்ரதா சாலை) பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். இது தோசையே இல்லை என்று நான் போய் அந்தக் கடைக்காரனிடம் சண்டை போடவா? எனக்கும் அது பிடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அந்தப் பையன் பக்கம், கோபித்துக்கொள்ளாதே. மொய்ங்கா என்கிற நூடுல்ஸ் சூப் என்றால் மீன்தான். கெளுத்தியை வேகவைத்து முள் எடுத்து, எலுமிச்சைப் புல்லும் வாழைத்தண்டும் போட்டுக் கொதிக்கவைப்பது. காலையில் அந்த வாசனை இல்லாமல் இந்த ஊர் எழுந்திருக்காது. உங்கள் ஊர் வண்டியில் அந்தப் பெயரில் கொடுக்கிற, மீனே இல்லாத வாழைத்தண்டு சூப் நன்றாக இருக்கலாம், அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். உன் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அவரிடமும் இதைச் சொல்லி வாதாடியிருப்பேன். அவர் விடமாட்டார், எனக்குத் தெரியும்.

என் மருமகளிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், எழுத வராது. சென்னை அத்தோவைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பொங்கலுக்குச் செய்வதாக முடிவு. நூடுல்ஸுக்கு அந்த நிறம் எப்படி வருகிறது, உன் வீட்டுக்காரர் புளி எவ்வளவு கெட்டியாகக் கரைப்பார் என்று எழுது. முட்டை மசாலாவும் வேண்டும். அவித்த முட்டையை முழுசாகப் பிளக்காமல் கீறி, உள்ளே வெங்காயமும் பூண்டும் அடைத்துக் கொடுப்பார் என்று முன்பு ஒரு தடவை எழுதியிருந்தாய். எந்தப் பக்கம் கீறுவார், எவ்வளவு ஆழம்? உன் பேரனை எழுதச் சொல். தாத்தா கையை அவன் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

உன் பிரியமுள்ள
பள்ளிக்கூடத்துச் சிநேகிதி