கர்ப்பிணிகளை மருந்தில்லாமல் திருப்பி அனுப்பாதீர்கள்: சுகாதாரத் துறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே,

மலேரியா மிகுந்த பகுதிகளுக்கான உலக சுகாதார அமைப்பின் விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். கர்ப்பத்தின் 13ஆவது வாரத்துக்குப் பிறகு, மலேரியாவைத் தடுக்கும் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மருந்தின் 3 மாத்திரைகளை ஒரே வேளையாக, ஊழியரின் கண்முன்னே கொடுக்க வேண்டும். குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டு, பிரசவம் வரை தொடர வேண்டும். கர்ப்ப காலத்தில் மொத்தம் மூன்று வேளைக்குக் குறையக் கூடாது.

நடப்பது வேறு. பரிசோதனைக்கு வந்தவரிடம் "சாப்பிடாமல் வந்திருக்கிறாய், அடுத்த முறை பார்ப்போம்" என்கிறார்கள். இதை வெறும் வயிற்றிலும் விழுங்கலாம். இல்லாவிட்டால், குடிக்கத் தண்ணீரும் டம்ளரும் இல்லையென்று மாத்திரையைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். அவர் விழுங்கினாரா என்பது யாருக்கும் தெரியாது. அட்டையில் மட்டும் "கொடுக்கப்பட்டது" என்று ஏறிவிடுகிறது. ஒரு குடம் தண்ணீர் வைக்காததற்கு வயிற்றிலிருக்கும் பிள்ளையா விலை கொடுக்க வேண்டும்?

"காய்ச்சலே இல்லையே" என்ற சமாதானமும் வேண்டாம். ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி புகுந்த ரத்த அணுக்கள் நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகின்றன. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சிறு வயதிலிருந்தே மலேரியாவோடு வளர்ந்த பெண்ணுக்குக் காய்ச்சலும் வராமல் போகலாம். ரத்தசோகை மட்டும் ஏறும், குழந்தை எடை குறைந்து பிறக்கும். நஞ்சுக்கொடியில் ஒட்டும் இந்த வகைக் கிருமிக்கான எதிர்ப்பு, அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான் உருவாகிறது. அதனால் முதல் பிள்ளையைச் சுமப்பவர், அதிலும் வயதில் இளையவர், கூடுதல் ஆபத்தில் இருக்கிறார். எச்.ஐ.வி. தொற்று இருந்தால் எத்தனையாவது பிரசவம் என்றாலும் ஆபத்துதான். அவர் கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா வகை மருந்தை எடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் இந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவருக்கும் ஆகாது. மற்றவர்களை மருந்தில்லாமல் அனுப்ப எந்த நியாயமும் இல்லை.

கிடங்கிலிருந்து 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலச் சத்து மாத்திரை வருவதையும் நிறுத்துங்கள். அது இம்மருந்தின் வேலையையே கெடுத்துவிடும், 0.4 மில்லிகிராம் போதும். முதல் மூன்று மாதங்களில் இம்மருந்து கிடையாது என்பதால், மருந்து தோய்த்த கொசுவலையை முதல் வருகையன்றே கொடுத்துவிட வேண்டும். "பெண்கள் தாமதமாக வருகிறார்கள்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் குறைசொல்கிறீர்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த மாதம் எதை நம்பி வருவார்?

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்: பரிசோதனை அறையிலேயே தண்ணீர், டம்ளர், மாத்திரை மூன்றும் இருக்கட்டும். விழுங்கியதைப் பார்த்த பிறகே அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாய்-சேய் நலப் பணியாளர்கள்