ஹவுஸ் ஓனர் கையில் இன்னொரு சாவி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. மூட்டுவலி, மகளின் ஹாஸ்டல், ஆபீசில் புதிதாக வந்திருக்கும் மேனேஜர் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் நாலே வரியில் அந்த விஷயத்தைச் சொல்லியிருக்கிறாய். நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஹவுஸ் ஓனர் தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்து, வீடு வாங்க வந்தவர்கள் என்று யாரோ இரண்டு பேரைப் படுக்கையறை வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். கட்டில்மேல் நீ மடிக்காமல் விட்டுப்போன துணிகளை யாரோ ஓரமாக ஒதுக்கி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் உனக்கே தெரிந்திருக்கிறது. கேட்டால், "நம்ம வீடுதானேம்மா, இதுல என்ன" என்றாராம். நீ என்னிடம், "நான் கோபப்படுவது சரியா?" என்று கேட்கிறாய்!

படித்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் தபால்காரர் கூச்சப்படுவார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வீடு அவருடையதுதான். பத்திரம் அவர் பேரில், வீட்டு வரி அவர் பேரில். ஆனால் உன்னிடம் வாடகை வாங்கிக்கொண்டு அவர் கொடுத்திருப்பது அந்த வீட்டின் அனுபோகத்தை. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இது இருக்கிறது. அதன் 108-ஆம் பிரிவு, வாடகையை ஒழுங்காகக் கொடுத்து ஒப்பந்தப்படி நடந்துகொள்கிறவர் காலம் முடியும்வரை இடையூறு இல்லாமல் அந்த இடத்தை அனுபவிக்கலாம் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. அதே பிரிவில் அவருக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு: நியாயமான நேரத்தில் வந்து வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, குடியிருப்பவர் அனுமதிக்க வேண்டும். ஆகவே "உள்ளேயே வரக்கூடாது" என்று நீ சொல்ல முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் வரக்கூடாது என்று தாராளமாகச் சொல்லலாம்.

நம் தமிழ்நாட்டில் இதை இன்னும் தெளிவாக்கியிருக்கிறார்கள். 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றி 2017-இல் ஒரு சட்டம் போட்டார்கள் (முழுப் பெயரை எழுதினால் இந்தப் பக்கம் போதாது). 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி உரிமையாளரோ அவருடைய ஆளோ உள்ளே வருவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எதற்கு வருகிறார் என்பதும் அதில் இருக்க வேண்டும். ரிப்பேர் பார்க்க வரலாம், வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்கிறதா என்று பார்க்க வரலாம். மற்றபடி வேறு காரணம் என்றால் அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். உன் விஷயத்தில் சிக்கல் இங்கேதான். வாங்க வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டலாம் என்று உன் அக்ரிமென்ட்டில் ஒரு வரி இருந்தாலும் இருக்கும். இருந்தாலும்கூட, முன்கூட்டியே எழுத்தில் சொல்லாமல் நுழைய அந்த வரி இடம் கொடுக்காது.

2021-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கென்று ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்தது. அதிலும் இதே 24 மணி நேரம்தான், வாட்ஸ்அப் மாதிரி மின்னணு வழியில் சொன்னாலும் செல்லும். சூரியன் உதிக்கும் முன்பும் மறைந்த பின்பும் நுழையக்கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள். தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் மாதிரி அவசரம் என்றால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. வீடு தீப்பிடித்து எரியும்போது யாரும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாதே. வீடு வாங்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதை எந்த ஊரிலும் நிலநடுக்கத்தில் சேர்க்கமாட்டார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. என் மகன் கனடாவில் ஒண்டாரியோவில் வாடகைக்கு இருக்கிறான் இல்லையா, அங்கேயும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் நோட்டீஸ், அதுவும் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் வருவதாக இருக்க வேண்டும். ஹீட்டரைப் பார்க்க வருவதற்கு முந்தின நாளே கதவில் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்களாம். போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். இங்கிலாந்திலும் 1985-ஆம் வருடத்துச் சட்டத்தில் அதே 24 மணி நேரக் கணக்குத்தான்.

நீ உடனே போலீசுக்குப் போகலாமா என்று யோசிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அத்துமீறி நுழைதல் குற்றம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 329-ஆம் பிரிவாக இருக்கிறது. இடம் யார் பேரில் இருக்கிறது என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை, யார் வசத்தில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. அந்த வகையில் வீட்டுக்காரரே ஆனாலும் தப்ப முடியாது. ஆனால் குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொல்லை கொடுக்கவோ எண்ணி நுழைந்தார் என்று காட்டியாக வேண்டும். "வீட்டைக் காட்டத்தான் வந்தேன்" என்று அவர் சொன்னால், ஸ்டேஷனில் இருவரையும் உட்கார வைத்து சமாதானமாகப் போங்கள் என்பார்கள். அடுத்த நாள் மாடிப்படியில் அவர் முகத்தில் விழிக்கப்போவது நீதான். எழுத்தில் சொன்ன பிறகும் அவர் தொடர்ந்தால் அப்போது பார்க்கலாம்.

முதலில் ஒரு மெசேஜ் போடு. சண்டை வேண்டாம், குழைவும் வேண்டாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஐயா, வணக்கம். போன செவ்வாய்க்கிழமை நான் இல்லாதபோது வேறு இருவருடன் வீட்டுக்குள் வந்திருந்தீர்கள். இனி வர வேண்டியிருந்தால் 24 மணி நேரம் முன்னால் நாள், நேரம், காரணம் எழுதி அனுப்புங்கள். நான் இருக்கும்போது வந்தால் ஒத்துழைக்கிறேன். நான் இல்லாதபோது யாரும் உள்ளே வர எனக்குச் சம்மதமில்லை."

அவ்வளவுதான். "தயவுசெய்து", "தப்பா நினைச்சுக்காதீங்க" எதுவும் சேர்க்காதே. ஒவ்வொரு வரிக்கும் மன்னிப்புக் கேட்பது உன் பழக்கம், பள்ளிக்கூட நாளிலிருந்தே. அவர் போனில் கூப்பிட்டுப் பேசினால், பேசி முடித்ததும் "நீங்கள் போனில் சொன்னபடி" என்று ஆரம்பித்து அதையும் எழுதிப் போட்டுவிடு. பின்னால் வாடகை அதிகாரியிடமோ (2017 சட்டப்படி இதற்கென்று இருக்கும் அதிகாரி) கோர்ட்டுக்கோ போக நேர்ந்தால் தேதியோடு இருக்கும் இந்த மெசேஜ்கள்தான் பேசும்.

இன்னொன்று, கோபத்தில் வாடகையை நிறுத்தி வைத்துவிடாதே. இடையூறில்லாமல் இருக்கும் உரிமையே வாடகை கொடுக்கிறவருக்குத்தான். அதை நிறுத்தினால் பேச்சு முழுக்க உன் பாக்கியைப் பற்றியதாகிவிடும். பூட்டு விஷயத்தில், அவருக்குத் தெரியாமல் கதவுப் பூட்டை மாற்றுவதைவிட, வெளியே போகும்போது தாழ்ப்பாளில் உன்னுடைய பூட்டு ஒன்றைத் தொங்கவிடுவது சுலபம். கதவில் துளை போட வேண்டியதில்லை, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்விடலாம்.

அவர் பதிலுக்குத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவாரோ என்ற பயம் உனக்கு இருக்கும். அதையும் நம் 2017 சட்டம் தடை செய்திருக்கிறது. வெளியே தள்ளிப் பூட்டினால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெற 1963-ஆம் வருடத்துக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தில் (Specific Relief Act) வழி இருக்கிறது. அந்த வழக்கில் பத்திரம் யார் பேரில் என்ற கேள்வியே எழாது. ஆனால் பேச்சு அவ்வளவு தூரம் போகாது என்றுதான் நினைக்கிறேன். பாதிப்பேர் எழுத்தைப் பார்த்ததும் அடங்கிவிடுவார்கள்.

நானும் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறவள்தான். மேலே ஆணி அடிக்கிற சத்தம் கேட்டால் எனக்கும் கை பரபரக்கும். அதனால்தான் அவர்கள் குடிவந்த அன்றே என் கணவர் இரண்டு சாவியையும் அவர்களிடமே கொடுத்துவிட்டார். நம்மிடம் இருந்தால் நாம் போவோம் என்றார். மனிதர் வாழ்க்கையில் சொன்ன உருப்படியான வாக்கியங்களில் அது ஒன்று.

மகள் ஹாஸ்டலிலும் வார்டன் அறைக்குள் வந்துபோகிறார் என்று எழுதியிருந்தாய். அது வேறு கணக்கு. ஹாஸ்டல், பேயிங் கெஸ்ட் எல்லாம் பெரும்பாலும் தங்குவதற்கான அனுமதிதான், அறை முழுக்க அவள் வசத்தில் வருவதில்லை. அவர்கள் கொடுத்த விதிமுறைத் தாளில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்.

உன் மூட்டுவலிக்கு என்னிடம் வைத்தியம் கிடையாது, எனக்கே இடது முழங்கால் படியேற விடுவதில்லை. புது மேனேஜரைப் பற்றிப் போனில் பேசுவோம், அதை எழுத்தில் வைக்க வேண்டாம்.

உன்னுடையது பதினொரு மாத அக்ரிமென்ட் என்று ஞாபகம். ஒரு வருடத்துக்கு மேல் போனால் பத்திரப்பதிவு கட்டாயம் என்பதற்காக எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கம் அது. ஆனால் 2017 சட்டப்படி வாடகை அதிகாரியிடமும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். உன்னுடையதைச் செய்திருக்கிறாரா என்று கேள். எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, ஸ்டாம்ப் பேப்பரின் பின்பக்கத்தையும் சேர்த்து. என்றைக்கு முடிகிறது என்று பார்த்துவிட்டு, புதுப்பிக்கும்போது அந்த 24 மணி நேர வரியை எந்த இடத்தில் சேர்ப்பது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி